வேலூர் வெயிலில் ஒரு ஹீட்டர்

ஞாயிற்றுக்கிழமை காலை கறிக்கடையில் நின்றிருந்தபோது கம்பெனி வாட்ச்மேன் போன் செய்தார். "ஏழுமலை வூட்ல சாவு பாய், சீக்கிரம் வா" என்றார்.  "அண்ணன் போய்ட்டாரா?" என்று கேட்டேன்.  "அண்ணன் இல்ல பாய். அக்கா" என்றார்.

அன்று என்னைப் போலவே தவறாக நினைத்தவர்கள் கம்பெனியில் நிறையப் பேர். ஏழுமலை அண்ணனுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய் வருடக்கணக்காகிறது. புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் ஆம்பூரிலிருந்து வேலூருக்கு டயாலிசிஸுக்குப் போய்வந்துகொண்டிருந்தார். வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் அவருக்காக எல்லோரும் மனதைத் தயார்படுத்தி வைத்திருந்தோம். அவருடைய மனைவி தெய்வானை அக்காவுக்காக யாரும் தயாராக இல்லை. இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றிவிட்டு, நெஞ்சைப் பிடிக்கிற மாதிரி இருக்கிறது என்று சொல்லி உட்கார்ந்திருக்கிறார். அப்படியே சாய்ந்துவிட்டார். நான் போனபோது அவர்களுடைய வெள்ளைக் கார் துடைத்துச் சுத்தமாக வாசலில் நின்றது. அன்று டயாலிசிஸ் நாள்.

நம் ஷூ கம்பெனியின் தையல் பிரிவில் அக்கா சூப்பர்வைசர், நான் அதே பிரிவில் மெஷின் மெக்கானிக். கம்பெனி மலரில் இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள், மீதிப் பேர் அவர் கொண்டுவந்த புளிசாதத்தைச் சாப்பிட்டவர்கள். நான் இரண்டு கட்சியிலும் இருந்தேன். ஊசி உடைந்தால், "இம்தியாஸ் பாய், உன் மெஷினுக்கு இன்னா கோவம் இன்னிக்கு?" என்று லைனின் அந்தக் கோடியிலிருந்தே குரல் வரும். மெஷின் என்னமோ என் சொத்து மாதிரியும், அதை ஒழுங்காக வளர்க்காதது என் குற்றம் மாதிரியும் பேசுவார்.

அவரை நினைத்தால் முதலில் எனக்கு ஞாபகம் வருவது ஒரு திங்கட்கிழமை. புதிதாக வந்திருந்த ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "திங்கட்கிழமை வந்தா எல்லாருக்கும் வயித்து வலி வந்துடும்" என்றார் மேனேஜர். அக்கா சண்டை போடவில்லை. "வலிக்குதுன்னு சொல்றா சார். வலி அவளுது. நம்பறது மட்டும்தான் நம்ம வேலை" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணை ஓய்வறைக்கு அனுப்பி, அவள் மெஷினில் தானே உட்கார்ந்து சாப்பாட்டு மணி அடிக்கும்வரை தைத்தார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "அக்கா, அவ நடிக்கிறாக்கா" என்றேன். "நடிச்சா நடிச்சிட்டுப் போறா பாய். நெஜமா வலிக்கிறவளப் பாத்து பொய்யின்னு நான் சொல்லிடக் கூடாது. அது போதும் எனக்கு" என்றார். அப்போது அது அதிகப்படியான இரக்கமாகத்தான் எனக்குத் தெரிந்தது.

ஏழுமலை அண்ணன் வாழ்நாள் முழுக்க தோல் பதனிடும் டேனரி ஒன்றின் முதலாளிக்கு டிரைவராக இருந்தவர். முதலாளி புதுக் கார் எடுத்தபோது பழைய வெள்ளைக் காரை இவர் வாங்கிக்கொண்டார். உடம்பு விழுந்து ஸ்டியரிங் பிடிக்க முடியாமல் போனதும், அக்கா டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், பதினெட்டு வயதுப் பையன்களோடு எட்டுப் போட்டுக் கற்றுக்கொண்டார். முதன்முதலாகக் காரை ஓட்டிக்கொண்டு கம்பெனி கேட்டுக்குள் வந்த அன்று எல்லோரும் வேடிக்கை பார்க்க நின்றோம். பக்கத்து சீட்டில் அண்ணன். இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்து மிதித்து அவருக்கு முழங்காலே வலித்திருக்கும். இறங்கி வந்த அக்கா, "அந்தப் பக்கம் பிரேக் இல்லன்னு யாராவது இவருக்குச் சொல்லுங்கப்பா" என்றார். அண்ணன் சிரிக்கவில்லை. "நீ ஓட்டறதுக்கு ரெண்டு பிரேக் பத்தாது" என்றார்.

குளிர் விஷயம் போன வருடம் கோடையில் ஆரம்பித்தது. டயாலிசிஸ் முடிந்து வெளியே வரும்போது அண்ணனுக்கு உடம்பு வெடவெடவென்று நடுங்கும். ரத்தம் வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்பி வருகிறதே, சிலருக்கு அப்படி ஆகும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வெயிலில் அவர் கம்பளிக் குல்லா போட்டு, போர்வையைச் சுற்றிக்கொண்டு, கார் கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டு ஆம்பூர் வரைக்கும் நடுங்கிக்கொண்டே வருவார். ஒரு கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கினாலும் காற்று குத்துகிறது என்பார். கடைசியில் ஒரு நாள், "அந்தக் குளிர்ல வர்றதுக்கு வூட்லயே செத்துப்போறேன். இனிமே என்னைக் கூப்பிடாத" என்று சொல்லிவிட்டார். கோபத்தில் சொன்ன சொல் இல்லை அது. அடுத்த புதன்கிழமை அவர் உண்மையிலேயே போகவில்லை. கால் வீங்கி, மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு, அக்காவும் அக்கம்பக்கத்தாரும் தூக்காத குறையாகக் காரில் ஏற்றினார்கள்.

மறுநாள் அக்கா என் மேஜைக்கு வந்தார். திட்டவும் இல்லை, கிண்டலும் இல்லை. "பாய், கார்ல ஹீட்டர்னு ஒண்ணு இருக்குதாமே. நம்ம வண்டிலயும் அந்தச் செகப்பு கோடு போட்ட நாப்பு இருக்குது. திருப்பினா காத்தே வரல" என்றார். ஏற்கெனவே இரண்டு மூன்று ஒர்க்ஷாப்பில் கேட்டிருக்கிறார். ஏசி வேலை செய்யவில்லை என்றுதான் அவர்கள் புரிந்துகொண்டார்களாம். ஹீட்டர்தான் என்று அழுத்திச் சொன்னதும், ஊட்டிக்குப் போகிறீர்களா என்று சிரித்திருக்கிறார்கள். நானும் அதைத்தான் கேட்டேன். "நெஜமாவே அவ்ளோ குளிருதாக்கா அண்ணனுக்கு? இந்த வெயில்லயா?" அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். "குளிருதுன்னு சொல்றாரு. அதுக்கு மேல இன்னா காரணம் வேணும் உனக்கு?"

மே தினத்தன்று கம்பெனி லீவு. காரை என் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார். கார் எலக்ட்ரீஷியன் வேலை எனக்குத் தொழில் இல்லை. ஆனால் மோட்டார் என்றால் மோட்டார்தானே என்ற தைரியம். ஏசிக்கும் ஹீட்டருக்கும் காற்றைத் தள்ளுவது ஒரே விசிறிதான். அது செத்தால் குளிர்ந்த காற்றும் கிடையாது, சூடான காற்றும் கிடையாது. முதலில் ஃபியூஸைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. விசிறியைத் திருப்பும் நாபை ஒவ்வொரு வேகத்திலும் வைத்துப் பார்த்தேன். கடைசி வேகத்தில் மட்டும் ஓடினால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் எரிந்திருக்கிறது என்று அர்த்தம். இங்கே எதிலுமே ஓடவில்லை. அடுத்தது மோட்டாருக்குக் கரண்ட் போகிறதா என்று பார்க்க வேண்டும். மோட்டார் இருப்பதோ பக்கத்து சீட்டில் உட்காருபவரின் கால் பக்கத்தில், டேஷ்போர்டுக்கு அடியில். என் தொப்பை அந்த இடத்துக்குள் போகாது. அக்கா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, சீட்டில் கால், தரையில் தலை என்று தலைகீழாகப் படுத்துக்கொண்டார். என் மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "யா அல்லாஹ், அந்தம்மாவ இப்பிடி பண்ணி வச்சிருக்கீங்களே" என்று என்னைத்தான் திட்டினாள்.

இரண்டு ஒயர் போட்ட சின்ன பல்பைக் கொடுத்து, மோட்டாரின் பிளக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். "எரியுது பாய்!" என்று அடியிலிருந்து சத்தம் வந்தது. கரண்ட் வருகிறது, அப்படியானால் கோளாறு மோட்டாரில்தான். பிளக்கைத் திரும்ப மாட்டி, ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் மோட்டாரை மெதுவாகத் தட்டச் சொன்னேன். தட்டியதும் அது 'ம்ம்' என்று ஒரு முனகல் முனகி, அரைச் சுற்று சுற்றி நின்றது. "உசுரு இருக்குது பாய், உசுரு இருக்குது!" என்று கத்தினார். நான் பார்த்த எத்தனையோ மோட்டார்களில் எதற்கும் யாரும் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

மோட்டாரைக் கழற்றி வெளியே எடுத்தோம். கூண்டு மாதிரி இருக்கிற அந்த விசிறியின் இதழ் ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. முழுக்கப் பஞ்சு. ஆனால் பஞ்சு இல்லை. ரோமம்போல மிருதுவான ஸ்வேட் தோலின் தூசு. அக்கா நகத்தால் அதைக் கீறிப் பார்த்தார். மேலே நீலம், அதன் கீழே மெரூன், அதற்கும் கீழே ஒட்டக நிறம். "இது போன சீசன் ஆர்டர். இது அதுக்கு முந்தின பூட்ஸ்" என்று ஒவ்வொரு அடுக்காகச் சொல்லிக்கொண்டே வந்தார். கம்பெனியில் மிஞ்சும் துண்டுத் தோலை அனுமதி வாங்கி மூட்டை கட்டி, தன் தெருவில் இருக்கிற பெண்களுக்குச் சாவிக்கொத்தும் சின்னப் பர்ஸும் தைக்கக் கொண்டுபோவார் அல்லவா, அந்த மூட்டையின் இடம் முன் சீட்டின் கால் பக்கம்தான். இன்னொரு பக்கம் நம் ஊர்ப் பழக்கம் வேறு. டேனரி வாடை உள்ளே வரக் கூடாது என்று வெளிக்காற்று லீவரை அடைத்து வைப்போம், அப்புறம் அதைத் திறக்கவே மாட்டோம். லீவர் அடைத்திருந்தால் விசிறி காருக்குள் இருக்கிற காற்றையே திரும்ப இழுக்கும். இழுக்கிற வாய் இருப்பது சரியாக அந்த மூட்டைக்குப் பக்கத்தில். வாடைக்குப் பயந்து கதவைச் சாத்திவிட்டு, தோலையே அதன் மூக்கில் ஊட்டி வளர்த்திருக்கிறோம். ஆம்பூர்க்காரர்களைத் தவிர யாருக்கு இந்தக் கோளாறு வரும்!

தூசு ஏறிய பாரத்தில் மோட்டார் திணறித் திணறி, உள்ளே கரண்டைக் கடத்தும் கார்பன் கட்டை தேய்ந்து சிக்கியிருந்தது. பழைய ஹேண்ட் டிரில்லின் கார்பன் ஒன்று என்னிடம் கிடந்தது. அதை உப்புத்தாளில் அளவுக்குத் தேய்த்து வைத்தேன். அக்கா பல் துலக்கும் பிரஷ்ஷால் விசிறியின் இதழ்களை ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்தார். பேட்டரியில் நேராக ஒயர் கொடுத்ததும் விசிறி 'விர்'ரென்று கிளம்பியது. இடுக்கில் மிச்சமிருந்த நீலமும் மெரூனும் எங்கள் இருவர் முகத்திலும் அடித்தன. என் தாடியைப் பார்த்து அக்கா சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டிருக்கும்.

மாட்டி முடித்து, இன்ஜின் சூடேறும்வரை ஓடவிட்டு, நாபைச் சிவப்புக் கோட்டுக்குத் திருப்பினோம். காற்று நன்றாக வந்தது. ஆனால் சூடாக வரவில்லை. தெருவில் அடிக்கிற அதே காற்றுதான் உள்ளேயும் வந்தது. அக்கா கையை எடுக்காமல் வைத்துக்கொண்டே இருந்தார். "வரும் பாய், கொஞ்சம் இரு, வரும்" என்றார். வரவில்லை. பானட்டைத் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. இன்ஜினின் வெந்நீர் ஹீட்டருக்குள் போய்வர இரண்டு குழாய்கள் இருக்க வேண்டும். எப்போதோ யாரோ ஒரு மெக்கானிக் அந்த இரண்டையும் கழற்றிவிட்டு, இன்ஜின் பக்கத்து முனைகள் இரண்டையும் ஒரே குழாயால் வளைத்து இணைத்திருந்தான். நம் ஊர்களில் இது சகஜம். இந்த வெயிலில் ஹீட்டர் எதற்கு, கசிந்து தொல்லை கொடுக்காமல் இருக்கட்டுமே என்று கேட்காமலே செய்துவிடுவார்கள்.

அக்கா கார்ச் சக்கரத்தின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "நாளைக்கு அவரு வர மாட்டேன்னுட்டா நான் இன்னா பாய் பண்ணுவேன்?" என்றார். அந்த மெக்கானிக்கை நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவனத் திட்டாத. நல்லதுன்னு நெனச்சித்தான் செஞ்சான். இந்த ஊர்லயும் ஒருத்தருக்குக் குளிரும்னு அவனுக்கு யாரும் சொல்லல, அவ்ளோதான்" என்றார். அப்படிச் சொல்ல எனக்கு இந்த ஜென்மத்தில் வராது.

லீவு நாளிலும் பைபாஸில் பாதி ஷட்டர் திறந்திருந்த ஒரு ஸ்பேர் கடையில் குழாயும் கிளிப்பும் கிடைத்தன. இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து, பழைய வளையத்தைக் கழற்றி, இரண்டு குழாயையும் அதனதன் இடத்தில் மாட்டி, கூலண்ட் நிரப்பினோம். ஒரு முனையில் சொட்டியது. கிளிப்பை முறுக்கியதும் நின்றது. மறுபடியும் ஓடவிட்டு நாபைத் திருப்பினோம். அக்கா தோலின் தரம் பார்க்கிற மாதிரி புறங்கையைக் காற்றில் வைத்தார். வெதுவெதுப்பாக வந்தது, பிறகு சுட்டது. வெளியே மே மாத வெயில், உள்ளே ஹீட்டர், நாங்கள் இருவரும் வியர்வையில் குளித்துக்கொண்டு பைத்தியங்கள் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த டயாலிசிஸுக்கு அண்ணன் அரைமனதாகத்தான் கிளம்பினார். நானும் கூடப் போனேன். திரும்பும்போது கால் பக்கத்திலிருந்து சூடு எழும்பி வர வர, அவர் பற்கள் அடித்துக்கொள்வது நின்றது. வழியில் பள்ளிகொண்டா தாண்டியதும் குல்லாவைக் கழற்றி மடியில் வைத்தார். "கதகதன்னு இருக்குது தெய்வான" என்றார்.  சிறிது நேரத்தில் இல்லாத பிரேக்கை மிதிக்க ஆரம்பித்தார். பின் சீட்டில் எனக்கு மயக்கம் வராத குறை. அக்காவுக்கு முகத்தில் வியர்வை ஆறாக ஓடியது. "கம்மி பண்ணேன், உனக்கு வேர்க்குது" என்றார் அண்ணன். "எனக்கு வேர்க்கறது இருக்கட்டும். உனக்குக் குளிருதா, அத்த சொல்லு" என்றார் அக்கா. அதன் பிறகு அண்ணன் ஒரு தடவைகூட வர மாட்டேன் என்று சொல்லவில்லை. துண்டுத் தோல் மூட்டை டிக்கிக்குப் போய்விட்டது. டயாலிசிஸுக்கு மறுநாள் காலையில் அக்கா முகமெல்லாம் வேர்க்குருவோடு வேலைக்கு வருவதும், நாம் கிண்டல் செய்வதும் வழக்கமாகிவிட்டது.

அக்காவின் இறுதிச் சடங்கு முடிந்தது திங்கட்கிழமை. சாவு நடந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் டயாலிசிஸுக்குப் போகவில்லை. புதன்கிழமை காலையில் அவர்கள் மகள் கவிதா எனக்குப் போன் செய்து அழுதாள். பெங்களூரில் கட்டிக்கொடுத்த பெண் அவள். "இனிமே எதுக்குன்னு கேக்கறாருண்ணா. கால் வீங்கிடுச்சி. யார் சொன்னாலும் எழுந்திரிக்க மாட்றாரு." நான் போனேன். எனக்கு ஆறுதல் சொல்லவும் வராது, அறிவுரை சொல்லவும் வராது. கவிதாவிடம் சாவியை வாங்கி, காரை ஸ்டார்ட் செய்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, நாபைச் சிவப்புக் கோட்டுக்குத் திருப்பினேன். அவர் பார்க்கிற மாதிரி வாசலில் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது, கண்ணில் வியர்வை இறங்கி எரிந்தது. நான் ஹாரன் அடிக்கவில்லை, கூப்பிடவும் இல்லை. கடைசியில் அண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, கண்ணாடியைத் தட்டினார். "பைத்தியமா பாய் உனக்கு? போறப்ப எனக்கு எப்பவும் குளிராது, வர்றப்பதான்." "தெரியும்ணா. வேலை செய்யுதான்னு பாத்துக்கிட்டு இருக்கேன். வர்றப்ப வேணுமில்ல" என்றேன். அவர் வெகுநேரம் அந்த நாபையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சுற்றி வந்து, தன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

அக்காவிடமிருந்து எனக்கு என்ன மிச்சம் என்று இதை எழுத உட்கார்ந்தபோது யோசித்தேன். அவருடைய டிபன் பாக்ஸ் ஒன்று என் வீட்டில் இருக்கிறது, திருப்பிக் கொடுக்கப்போவதில்லை. புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் இனி என்னுடையவை, அதையும் யாருக்கும் கொடுக்கப்போவதில்லை. ஆனால் பெரிதாக நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு வேலையைத்தான்: வலி அடுத்தவருடையது, நம்பறது நம்முடையது. அவருக்கு அது சுலபமாக வந்தது. நான் கற்றுக்கொண்டுதான் செய்ய வேண்டியிருக்கிறது.

அந்தப் புதன்கிழமை திரும்பி வரும்போது பள்ளிகொண்டா தாண்டியும் அண்ணன் குல்லாவைக் கழற்றவில்லை. எனக்குக் கண் இருட்டுகிற அளவுக்கு வியர்த்தது. "கம்மி பண்ணு பாய், உனக்கு வேர்க்குது" என்றார். "எனக்கு வேர்க்கறது இருக்கட்டும்ணா. உங்களுக்குக் குளிருதா, அத்த சொல்லுங்க" என்றேன். காலடியில் ஹீட்டர் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் என் கையிலிருந்த ஸ்டியரிங்கைப் பார்த்தார்.

"குளிருது பாய்" என்றார்.

நம்பினேன்.